சுழலும் எந்திரங்கள்: ஓடும்போதே சமன் செய்தல்

பம்பரம் விட்டவர்களுக்குச் சமனின்மை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆணி மையம் தவறி இறங்கியிருந்தால் பம்பரம் ஓரிடத்தில் நின்று உறங்காது; உதறிக்கொண்டே தரையெல்லாம் அலையும். விவரம் தெரிந்த பையன்கள் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிப்பார்கள், அல்லது கட்டையில் கனத்த பக்கத்தைச் சற்றே சீவிவிடுவார்கள். எந்திரவியல் வகுப்புகளில் 'ரோட்டர் பேலன்சிங்' என்ற பெயரில் நடத்தப்படும் பாடம் அடிப்படையில் இதுதான். கனம் கூடிய இடத்தில் குறைக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் கூட்ட வேண்டும்.

ஆனால் பம்பரத்தைச் சீவ வேண்டுமென்றால் முதலில் அதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் பெரும் நஷ்டம் வருகிற எந்திரங்களையும், நிறுத்தியதுமே சமனின்மை வேறு விதமாக மாறிவிடுகிற எந்திரங்களையும் என்ன செய்வது? ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்திரம் தன் அதிர்வைத் தானே அளந்து, தன்மேல் உள்ள எடையைத் தானே நகர்த்திக்கொள்ளும் முறைகள் உண்டு. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலில் எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். சுழலும் பாகத்தைச் சுழலி என்று சொல்லிக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஒரு சுழலியில், மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 10 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைவிடக் குறைந்த எடை. அது தண்டை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 490 நியூட்டன், அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கனம். அந்த மூட்டை ஒரே திசையில் தொங்கினாலும் பரவாயில்லை. சுழலியோடு சேர்ந்து அது விநாடிக்கு 50 முறை சுற்றிச்சுற்றி இழுக்கிறது. வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தொல்லை முழுவதும் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

உலகத் தர விதிகள் இதனால்தான் அவ்வளவு கறாராக இருக்கின்றன. நீராவி டர்பைன்களுக்கு ஐஎஸ்ஓ வகுத்திருக்கும் 'ஜி 2.5' என்ற தரத்தை எடுத்துக்கொண்டால், 3000 சுற்று வேகத்தில் எடைமையம் சுழல்மையத்திலிருந்து சுமார் 8 மைக்ரான் வரைதான் விலகலாம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. பல டன் எடையுள்ள எஃகுத் தண்டுக்கு இந்த நிபந்தனை!

தொழிற்சாலையில் இப்படிச் சமன் செய்து அனுப்பிவிட்டால் போதாதா? போதாது. சமனின்மை நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. சிமெண்ட் ஆலைகளின் பெரிய விசிறிகளில் இறக்கைகள்மேல் தூசு படிந்து கெட்டியாகும். ஒருநாள் ஓரிறக்கையிலிருந்து மட்டும் ஒரு பாளம் பெயர்ந்து விழும். அன்றைக்கே விசிறி நடுங்கத் தொடங்கும். கிரைண்டிங் வீல் எனப்படும் சாணைக்கல்லின் கதை இன்னும் சுவையானது. அது நுண்துளைகள் நிறைந்த பொருள். கூலன்ட் திரவம் பாய்ந்துகொண்டிருக்கும்போது கல்லை நிறுத்திவிட்டுப் போனால், உறிஞ்சிய திரவம் மெல்லக் கீழ்ப்பாதியில் வந்து தேங்கிவிடும். மறுநாள் காலை கல்லை ஓட்டினால் ஒருபக்கம் கனம். பழகிய தொழிலாளிகள் முதலில் கூலன்டை மூடிவிட்டு, கல்லைச் சிறிதுநேரம் வெறுமனே சுழலவிட்டு உலர்த்திய பிறகே நிறுத்துவார்கள்.

நீராவி டர்பைனில் இதே வேலையை வெப்பம் செய்கிறது. ஓடிக்கொண்டிருந்த டர்பைனை நிறுத்தி அப்படியே விட்டால், உறைக்குள் சூடான ஆவி மேலே தங்கி, தண்டின் மேற்பாதி கீழ்ப்பாதியைவிடச் சூடாக இருக்கும். சூடான பக்கம் நீளும். தண்டு வில்லாக வளையும். இதைத் தவிர்க்க, மின்னிலையங்களில் டர்பைனை நிறுத்திய பிறகும் ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு மணிக்கணக்கில் தண்டை மெதுவாக உருட்டிக்கொண்டே இருப்பார்கள். அடுப்பிலிருந்து எடுத்த அப்பளத்தை இருபுறமும் புரட்டுவது போலத்தான். நின்றுபோன எந்திரத்தை ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பது பார்ப்பவர்களுக்கு வீண்வேலையாகத் தெரியும்.

சமன் செய்யும் கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த தியர்ல் என்ற பொறியாளர் 1934இல் இதைத் தெளிவான முறையாக எழுதி வைத்தார். எந்திரத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், அது நிற்கும் இடத்திலேயே செய்கிற முறை. தண்டில் ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். குறி சென்சாரைக் கடக்கும் கணத்தை 0 டிகிரி என்று கொண்டு, அதிர்வின் உச்சம் எத்தனை டிகிரியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அளவும் கோணமும் சேர்ந்ததால் அதிர்வு இப்போது ஓர் அம்பு.

ஓர் உதாரணம். விசிறியை ஓட்டுகிறோம், அதிர்வு 80 மைக்ரான், கோணம் 0 டிகிரி. நிறுத்தி, சோதனைக்காக 100 கிராம் எடையை 0 டிகிரியில் பொருத்தி, மறுபடி அதே வேகத்தில் ஓட்டுகிறோம். இப்போது 60 மைக்ரான், 90 டிகிரி. வரைபடத் தாளில் கிழக்கு நோக்கி 80 நீளத்துக்கு ஓர் அம்பும், அதே புள்ளியிலிருந்து வடக்கு நோக்கி 60 நீளத்துக்கு இன்னோர் அம்பும் வரையுங்கள். முதல் அம்பின் நுனியிலிருந்து இரண்டாவதன் நுனிக்குப் போகும் கோடுதான் அந்த 100 கிராமின் கைங்கரியம். பிதாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் சரியாக 100. திசை சுமார் 143 டிகிரி. ஆகவே இந்த விசிறியில் ஒரு கிராம் ஒரு மைக்ரான் அதிர்வைத் தருகிறது, ஆனால் எடை இருக்கும் கோணத்திலிருந்து 143 டிகிரி தள்ளித் தருகிறது. நமக்கு வேண்டியது முதல் அம்பை அழிக்க, 180 டிகிரியில் 80 மைக்ரான். எனவே சோதனை எடையை எடுத்துவிட்டு 80 கிராமை 37 டிகிரியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். எடைக்கும் அதிர்வுக்கும் உள்ள இந்த உறவை 'தாக்கக் கெழு' எனலாம். தட்டையான விசிறிக்கு ஒன்று போதும். நீண்ட சுழலிகளில் இரு முனைகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் கனம் இருக்கலாம். நிறுத்தி உருட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயாது, ஓட்டினால் மட்டும் முறுக்கி ஆட்டும். அங்கே இரண்டு தளங்களில் எடை வைத்து நான்கு கெழுக்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு நீளுமே தவிர புதிய கருத்து எதுவும் இல்லை.

எடை இருக்கும் கோணமும் அதிர்வின் கோணமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை? இதற்குப் பின்னால் ஓர் ஐம்பதாண்டுக் குழப்பம் இருக்கிறது. எந்தத் தண்டுக்கும் வீணைத் தந்திபோல ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. சுழலும் வேகம் அதை எட்டும்போது அதிர்வு பூதாகாரமாகும். அதை மாறுநிலை வேகம் என்பார்கள். 1869இல் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பொறியாளர் ராங்கின், அந்த வேகத்துக்கு மேல் தண்டு நிலையாக ஓடவே முடியாது என்று எழுதினார். அவர் பெயருக்கு இருந்த மதிப்பில் பலர் அதை நம்பினார்கள். ஸ்வீடன்காரரான குஸ்தாஃப் தெ லவால் 1880களின் இறுதியில் மெல்லிய, வளைந்துகொடுக்கும் தண்டில் டர்பைனைப் பொருத்தி, மாறுநிலை வேகத்தைத் தாண்டி நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு ஓட்டிக்காட்டினார். தாண்டிய பிறகு டர்பைன் முன்னைவிட அமைதியாக ஓடியது. ஜெர்மனியின் ஃபெப்பில் 1895இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அது பரவலாகப் படிக்கப்படவில்லை. 1919இல் ஜெஃப்காட் எழுதிய பிறகே விவாதம் ஓய்ந்தது.

விளக்கம் எளியது. மாறுநிலை வேகத்துக்குக் கீழே, கனமான பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு சுற்றும். மேலே போனதும் சுழலி தன் எடைமையத்தையே அச்சாகக் கொண்டு சுற்ற விரும்பும். கனமான பக்கம் உள்ளே வந்துவிடும், இலேசான பக்கம் வெளியே போய்விடும். இடையில் கோணம் 180 டிகிரி திரும்பிவிடுகிறது.

இந்தத் திருப்பத்தை வைத்து ஓர் அழகான தந்திரம் செய்யலாம். சுழலியைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் அமைத்து, அதில் சில எஃகுக் குண்டுகளைத் தாமாக உருளும்படி விட்டுவிடுங்கள். மாறுநிலைக்கு மேல், இலேசான பக்கம்தான் உண்மையான சுழலச்சிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கிறது. குண்டுகள் வெளியே ஓடத்தான் பார்க்கும்; ஆகவே அவை தாமாகவே இலேசான பக்கத்துக்குப் போய்ச் சேர்கின்றன. சமன் ஆனதும் எங்கும் போக வேண்டிய காரணம் இல்லாமல் நின்றுவிடுகின்றன. சென்சாரும் இல்லை, மின்சாரமும் இல்லை, மென்பொருளும் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் பொறாமையூட்டும் விஷயம். பிரெஞ்சுப் பொறியாளர் மொரீஸ் லெப்லான் 1910களிலேயே குண்டுக்குப் பதில் திரவத்தைப் பயன்படுத்தும் யோசனையைச் சொன்னார். நமக்கு முன்பே அறிமுகமான தியர்ல் 1950இல் குண்டுகளைக் கொண்ட அமைப்புகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

உங்கள் வீட்டுத் துணி துவைக்கும் எந்திரத்தில் இது இருக்க வாய்ப்புண்டு. பல மாடல்களில் டிரம்மின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள் உப்புநீர் பாதி நிரப்பி அடைத்திருப்பார்கள். கால் மீட்டர் ஆரத்தில் அரைக் கிலோ ஈரத்துணி ஒருபக்கமாகச் சுருண்டுகொண்டால், 1200 சுற்றில் 200 கிலோ கனத்துக்கு இழுக்கும். அந்த உப்புநீர்தான் எதிர்ப்பக்கம் ஓடித் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. 1990களின் இறுதியில் வந்த அதிவேக சிடி டிரைவ்களிலும் குண்டுகள் இருந்தன. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை நெருங்கும் தட்டின்மேல் ஒருவர் கோணலாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் டிரைவே அலறும்; அந்த டிரைவ்களே இன்று அரிதாகிவிட்டன.

தந்திரத்தின் குறை, மாறுநிலைக்குக் கீழே குண்டுகள் நேர் எதிராக நடந்துகொள்வதுதான். கனமான பக்கத்தில் போய்ச் சேர்ந்து, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும். பெரும்பாலான லேத்துகளும் சாணை எந்திரங்களும் இந்தக் கீழ்வேகத்தில்தான் ஓடுகின்றன. அங்கே எடைகள் தாமாக ஓடக்கூடாது. யாராவது கணக்குப் பார்த்து நகர்த்த வேண்டும்.

நகர்த்துவது எப்படி? சுழலியோடு சேர்ந்து சுற்றும் இரண்டு சம எடைகளை வைத்துக்கொண்டால் போதும். எதிரெதிரே நிறுத்தினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்தினால் விளைவு இரட்டிப்பாகும். நடுவே விரித்தால் எந்த அளவும் கிடைக்கும். முன்பு பார்த்த விசிறிக்கே, எந்தக் கூடுதல் எடையும் ஒட்டாமல், 50 கிராம் எடைகள் இரண்டை 0 டிகிரியிலும் 74 டிகிரியிலும் நிறுத்தினால், 37 டிகிரியில் 80 கிராம் வைத்ததற்குச் சமம். சில சாணை எந்திரங்களில் தண்டுக்குள் சிறு மோட்டார்கள் இந்த எடைகளைத் திருப்புகின்றன. வேறு சிலவற்றில் கல்லின் பக்கவாட்டில் நான்கு சிறு அறைகள் இருக்கும். இலேசான பக்கத்து அறைக்குள் குழாயால் குளிர்திரவத்தைப் பீய்ச்சுவார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. இரண்டு வளையங்கள் நிலைகாந்தத்தால் தண்டோடு பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. வெளியே, தண்டைத் தொடாமல் நிற்கும் ஒரு கம்பிச்சுருள் மின்துடிப்பு அனுப்பும்போது, வளையம் ஒரு படி நகர்ந்து மறுபடி காந்தப் பிடிக்குள் விழுகிறது. மின்சாரம் போய்விட்டால் எடைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். பாதுகாப்பு என்று பார்த்தால் இந்தக் குணத்துக்கு ஈடில்லை.

மூளைக்கு வருவோம். முதலில் சென்சார் தரும் குழப்பமான சமிக்ஞையிலிருந்து சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வை மட்டும் பிரிக்க வேண்டும். தண்டின் வேகத்திலேயே ஓடும் சைன், கோசைன் அலைகளால் பெருக்கிச் சராசரி எடுத்தால் அம்பு கையில் கிடைத்துவிடும். பத்து வரி நிரல். பிறகு தாக்கக் கெழுவால் வகுத்து எடையை நகர்த்த வேண்டும். ஆபத்து இந்த இரண்டாவது படியில் இருக்கிறது. நாம் நம்பியிருக்கும் கெழுவின் கோணம் உண்மையிலிருந்து 60 டிகிரிக்கு மேல் பிசகியிருந்தால், முழுத் திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அதிர்வு குறைவதற்குப் பதில் கூடும். அடுத்த சுற்றில் எந்திரம் இன்னும் பெரிய திருத்தத்தை, இன்னும் தவறான இடத்தில் செய்யும். பாதித் திருத்தம் மட்டும் செய்தால் சுமார் 75 டிகிரி வரை தாங்கும். 90 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு சிறிய அடி எடுத்து வைத்தாலும் கெடுதல்தான்.

வேகம் மாறினால் கோணம் எப்படிப் புரளும் என்று மேலே பார்த்தோம். வெப்பமும், பேரிங்கின் தேய்மானமும், எந்திரத்தின் சுமையும்கூடக் கெழுவை மாற்றும். ஒருமுறை அளந்த கெழுவை ஆயுளுக்கும் நம்பக்கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இது குறித்துத் தீவிரமாக வேலை நடந்தது. டையரும் நீயும் 2001இல் வெளியிட்ட முறையில், கட்டுப்படுத்தி தான் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு சோதனை எடையாகவே எடுத்துக்கொண்டு, விளைவைப் பார்த்துக் கெழுவைப் புதுப்பித்துக்கொள்கிறது. தனியாகச் சோதனை ஓட்டம் தேவையில்லை. அதே ஆண்டு அங்கிருந்து ஜோவும் ஷியும் எழுதிய நீண்ட மதிப்புரை, அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்தது. இத்துறைக்குள் நுழைபவர்கள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

காந்தத் தாங்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவற்றில் தண்டு எதையும் தொடாமல் மின்காந்தங்களுக்கு நடுவே மிதக்கிறது. நிலைகாந்தங்களை மட்டும் கொண்டு ஒரு பொருளை நிலையாக மிதக்கவிட முடியாது என்று ஏர்ன்ஷா 1842இலேயே நிறுவிவிட்டார். ஆகவே விநாடிக்குப் பல்லாயிரம் முறை இடத்தை அளந்து மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே சமனின்மையை இரு விதமாகக் கையாளலாம். தண்டின் வடிவமையம் அசையாதபடி காந்தங்கள் வலுவாக எதிர்த்து இழுக்கலாம். அல்லது சுற்றுக்கு ஒருமுறை வரும் அசைவைக் கண்டுகொள்ளாமல் விட்டு, தண்டைத் தன் எடைமையத்தைச் சுற்றியே சுழலவிடலாம். துல்லியமாகக் கடைவதற்கு முதலாவது நல்லது. இரண்டாவதில் தண்டு சில மைக்ரான் ஆடினாலும் அடித்தளத்துக்கு விசையே போகாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளின் வெற்றிடப் பம்புகளுக்கு அதுதான் தேவை. எடையை எங்கும் நகர்த்தாமலே அதிர்வு மறைந்துவிடுகிறது.

ஆனால் சமனின்மை எப்போதும் தூசுபோல மெதுவாக வருவதில்லை. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில், முதல் அலகின் தாழழுத்த டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு இறக்கைகள் உலோகக் களைப்பால் முறிந்து பறந்தன. 3000 சுற்றில், ஒரு மீட்டர் ஆரத்தில், ஒரு கிலோத் துண்டு போனது என்று வைத்தாலே பத்து டன் விசை தண்டைச் சுற்றிச்சுற்றி உலுக்கும். அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனின் அடைப்புகள் உடைந்து வாயு தீப்பற்றியது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ மின்கேபிள்கள் வழியே பரவி, நிலையம் முழுவதும் சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருளில் கிடந்தது. அணு உலை உடனே நிறுத்தப்பட்டது. என்றாலும் அது மறுபடி உயிர்பெறாதிருக்க, ஊழியர்கள் கைவிளக்குகளோடு ஏறிப்போய் வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். உலகளாவிய அணு விபத்து அளவுகோலில் இது 3ஆம் நிலை. இவ்வளவுக்கும் தொடக்கம் இரண்டு இறக்கைகள்.

தானே சமன் செய்துகொள்ளும் எந்த அமைப்பும் இதைத் தடுத்திருக்காது. அதன் எடைகள் கிராம்களை ஈடுகட்டும், டன்களை அல்ல. அவை படிப்படியாக நகர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இறக்கையின் வேரில் வளரும் விரிசலும், துண்டு பிரியும்வரை, சுற்றுக்கொருமுறை வரும் அதிர்வில் அவ்வளவாகத் தெரியாது. நிறுத்திக் கழற்றிச் சோதித்தால்தான் தெரியும்.

தண்டிலேயே விழும் விரிசல் வேறு மாதிரி. அது வாரக்கணக்கில் அதிர்வின் அளவையும் கோணத்தையும் மெல்ல மாற்றிக்கொண்டே வரும். தண்டு எங்காவது உறையில் உரசினாலும் அப்படித்தான்: உரசிய இடம் சூடாகி, தண்டு வளைந்து, வளைவே மேலும் உரசச் செய்து, அம்பின் நுனி கடிகார முள்போல வட்டமிடும். நியூகிர்க் என்பவர் 1926இல் இதை விவரித்தார். பழைய எந்திரங்களில் ஆபரேட்டர் இந்த மாற்றத்தைப் பார்த்து எச்சரிக்கையாவார். தன்னைத் தானே சமன் செய்யும் எந்திரமோ ஒவ்வொரு நாளும் அதைச் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டிருக்கும். திரையில் அதிர்வு எப்போதும் 'நலம்' என்றே காட்டும். விற்பனைக் கையேடுகள் இதைப் பெருமையாகச் சொல்கின்றன. எனக்கு இது கவலை தருகிறது. காய்ச்சல் மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்ப்பது போன்றது.

இதற்கு மாற்று கடினமானதல்ல. அதிர்வு மறைந்துபோனாலும், அதை மறைக்க எடைகள் எங்கே போய் நின்றன என்ற தகவல் கட்டுப்படுத்தியிடம் இருக்கிறது. அந்த இரண்டு கோணங்களையும், கூடவே புதுப்பிக்கப்பட்ட தாக்கக் கெழுவையும், தேதியோடு பதிந்து வரைந்து பார்த்தால், சமன் செய்யாதிருந்தால் அதிர்வு எப்படி வளர்ந்திருக்கும் என்பதைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். சாணைக்கல் நாளுக்கு நாள் தேயும்போது அந்தக் கோடு மெதுவாக ஊரும். கல்லின் ஓரம் சில்லு பெயர்ந்தால் ஒரே நொடியில் துள்ளும். அப்போது கட்டுப்படுத்தி செய்ய வேண்டியது திருத்தம் அல்ல, கல்லை நிறுத்துவது. தண்டு விரிசலில் அந்தக் கோடு ஒரே திசையில் விடாமல் நகரும். எடைகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு நகர்த்துவதற்கு எடை மிச்சமிருக்காது.